இலங்கை மண் தந்த ஒரு பெயர்

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணக் குடாநாட்டின்மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டிருந்தபோது, தடைசெய்யப்பட்ட பொருட்களுள் இரசாயன உரமும் ஒன்று. எங்கள் பகுதிச் செம்மண் தோட்டங்களில் பூவரசங் குழையையும் மாட்டெருவையும் தாழ்த்து வெங்காயம் நட்டார்கள். குமிழ் சிறுத்தது, பயிர் பொய்க்கவில்லை. குழைக்கும் எருவுக்குமே அந்தப் பெருமை உரியது என்று அன்று எண்ணியிருந்தேன். மண்ணுக்குள் இன்னொரு கூட்டாளிக்கும் அதில் பங்கு இருந்திருக்க வேண்டும் என்பதைக் கலைப் பட்டதாரியான நான் வெகுகாலம் கழித்தே படித்தறிந்தேன்.

வெங்காயத்துக்கு வேர்மயிர்கள் மிகக் குறைவு. மண்ணிலுள்ள பொசுபரசைத் தனியே எட்டிப் பிடிப்பது அதற்குக் கடினம். வேருக்குள் குடியேறும் ஒருவகைப் பங்கசு (தமிழகத்தார் பூஞ்சை என்பர், நமக்குள் இதிலும் பேதம்) தன் நுண்ணிழைகளை மண்ணில் நீட்டிப் பொசுபரசைச் சேகரித்துக் கொடுத்து, கூலியாகப் பயிரிடமிருந்து சர்க்கரையைப் பெறுகிறது. வேர்க் கலங்களுக்குள் சிறு மரம்போலக் கிளைப்பதால் ஆர்பஸ்குலர் மைக்கோரைசா என்று பெயர்.

இக்கூட்டத்தின் மிகப் பழைய பேரினப் பெயர்களுள் ஒன்று இலங்கையிலிருந்து சென்றது என்பதே என்னை வியக்கவைத்தது. பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவைட்ஸ், பங்கசு மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பிவந்தார். அங்கே பாதிரியார் பெர்க்லியும் அவருடைய நண்பர் புரூமும் அவற்றை ஆராய்ந்து பெயரிட்டனர். 1869இல் அவர்கள் பெயரிட்டது கோப்பி இலையை அழித்த ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ். பாழாக்குபவள் என்பது பின்சொல்லின் பொருள். அது தோட்டங்களைப் பாழாக்கியது, கோப்பி இருந்த மலைகளில் தேயிலை ஏறியது, அப்பெயர் உலகமறிந்ததாயிற்று.

நான்கே ஆண்டுகள் கழித்து, 1873இல், இலங்கைப் பங்கசுகள் பற்றிய தங்கள் நீண்ட பட்டியலில் இன்னொன்றுக்கு ஸ்கிளெரோசிஸ்டிஸ் கோரெமியாய்டிஸ் என்று பெயரிட்டனர். வன்பை என்று முன்சொல்லைத் தமிழாக்கலாம். அது வேரோடு உறவாடும் உயிரி என்பது அப்போது யாருக்கும் தெரியாது. மைக்கோரைசா என்ற சொல்லையே ஜெர்மானியர் ஃபிராங்க் 1885இல்தான் ஆக்கினார். கொன்றதற்குக் கிடைத்த புகழ் ஊட்டியதற்குக் கிடைக்கவில்லை.

அப்பெயர் பின்னர் பட்ட பாடு தனிக்கதை. இருபதாம் நூற்றாண்டில் அப்பேரினத்தில் பல இனங்கள் சேர்ந்தன. 1990இல் அல்மெய்டா, ஷெங்க் என்ற இருவர் மற்றவற்றையெல்லாம் குளோமஸ் பேரினத்துக்கு மாற்ற, இலங்கையின் மூல இனம் மட்டும் தனித்து நின்றது. 2000இல் மரபணுச் சான்றுகொண்டு அதையும் குளோமஸுக்குள் அடக்கினர். பேரினம் மறைந்ததென்றே கருதியிருக்கலாம். எனினும் குளோமஸ் பேரினமே பின்னர் பல கூறாகப் பிரிக்கப்பட்டபோது, 2013இல் வெளிவந்த பொது வகைப்பாட்டில் ஸ்கிளெரோசிஸ்டிஸ் மீண்டும் இடம்பெற்றது. வித்துகளின் உருவை நுணுக்குக்காட்டியில் பார்த்து வகுத்த காலமும் மரபணு வரிசையைப் படித்து வகுக்கும் காலமும் மோதிக்கொண்டதன் விளைவு இது.

இனப்பெயரின் பின்னால் பெர்க்லி, புரூம் என்ற பெயர்களை விதிப்படி எழுதுகிறார்கள். மாதிரியை அனுப்பிய துவைட்ஸுக்கு அங்கே இடமில்லை. அதை மண்ணிலிருந்து எடுத்த கை யாருடையது என்பதற்கும் இடமில்லை.

எங்கள் பகுதியில் உரம் திரும்பி வந்தது. பொசுபரசு மலிந்த மண்ணில் பயிர் இப்பங்கசை வேருக்குள் அவ்வளவாக அனுமதிப்பதில்லை. பூவரசங் குழை தாழ்ப்போரும் குறைந்துவிட்டனர்.