பெயர் போட வேண்டாம் என்றவர்



1926 ஜூன் மாதம் பாரிஸில் சர்ரியலிஸ்ட் இளைஞர்கள் நடத்திய இதழ் ஒன்றின் அட்டையில் ஒரு புகைப்படம் வந்தது. ஒரு கூட்டம் ஒரே திசையில் அண்ணாந்து நிற்கிறது. கண்ணுக்கு எதிரே எதையோ பிடித்திருக்கிறார்கள். எதைப் பார்க்கிறார்கள் என்பது மட்டும் படத்தில் இல்லை. கனவில் கண்டது போன்ற காட்சி.

உண்மையில் அது 1912 ஏப்ரலில் பாஸ்டில் சதுக்கத்தில் மக்கள் சூரிய கிரகணம் பார்த்தபோது எடுத்த படம். எடுத்தவர் யூஜின் அட்ஜே. இதழில் அவர் பெயர் இல்லை. பெயர் போட வேண்டாம், இவை வெறும் ஆவணங்கள்தாம் என்று அவரே சொல்லிவிட்டதாக, படத்தை வாங்கிய ஓவியர் மான் ரே பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

யார் இந்த அட்ஜே? 1857இல் பிரான்சின் லிபோர்ன் என்ற ஊரில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்தார். கப்பலில் வேலை பார்த்தார். நாடக நடிகராக ஊர் ஊராகச் சுற்றினார். எதுவும் நிலைக்கவில்லை. பிறகுதான் பிழைப்புக்காகக் கேமராவைத் தொட்டார். "ஓவியர்களுக்கான ஆவணங்கள்" என்று பலகை மாட்டிக்கொண்டார். ஓவியர்களும் நூலகங்களும் அவரிடம் படம் வாங்கினார்கள்.

பாரிஸின் பழைய சந்துகள் பலவற்றை 1850களிலிருந்தே இடித்து, அகலமான சாலைகள் போட்டுவிட்டார்கள். எஞ்சியதாவது பதிவாகட்டும் என்று அட்ஜே நடந்தார். மாடிப்படி, கதவுக் கைப்பிடி, முற்றம், தெரு வியாபாரி, குப்பை பொறுக்குவோரின் குடிசை, கடைக் கண்ணாடி. நாம் தினமும் தாண்டிப்போகும் பொருள்கள்தாம். முப்பது ஆண்டுகளில் பல ஆயிரம் படங்கள்!

அவற்றில் அந்த விசித்திரம் எப்படி வந்தது? அவருடையது மரப்பெட்டிக் கேமரா. உள்ளே 18க்கு 24 சென்டிமீட்டர் கண்ணாடித் தகடு. லென்ஸைச் சில விநாடிகள் திறந்துவைக்க வேண்டும். அதற்குள் நகர்ந்துவிட்டவர் படத்தில் புகைபோலத் தெரிவார், அல்லது தெரியவே மாட்டார். பெரும்பாலும் விடியற்காலையில் வேலை செய்ததால் தெருக்களும் வெறிச்சோடிக் கிடக்கும். அவை குற்றம் நடந்த இடத்தைப் போல இருக்கின்றன என்று 1931இல் வால்ட்டர் பெஞ்சமின் எழுதினார்.

1920களில் எடுத்த ஒரு துணிக்கடைப் படத்தில், கோட்டு அணிந்த பொம்மைகள் விலைச்சீட்டோடு சிரித்து நிற்கின்றன. எதிர்ப்புறக் கட்டடம் கண்ணாடியில் பிரதிபலித்து அவற்றின் மேல் படிந்திருக்கிறது. கடை எங்கே முடிகிறது, தெரு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. விசித்திரத்தை அவர் தேடிப் போகவில்லை. அது தெருவிலேயே இருந்தது.

மான் ரேயிடம் உதவியாளராக இருந்த அமெரிக்கப் பெண் பெரெனிஸ் அபட் அந்தப் படங்களின் மதிப்பை உணர்ந்தார். 1927இல் அட்ஜேயைப் படம் எடுத்தார். பிரதியைக் காட்டப் போனபோது பெரியவர் இறந்துவிட்டிருந்தார். மறு ஆண்டே, அவர் விட்டுச்சென்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட தகடுகளையும் பல ஆயிரம் பிரதிகளையும் அந்தப் பெண் வாங்கினார், கையில் அதிகப் பணம் இல்லாத நிலையிலும். அவை 1968இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அபட்டும் சும்மா இருக்கவில்லை. வேகமாக மாறிக்கொண்டிருந்த நியூயார்க்கை 1930களில் அதே பொறுமையோடு படம் பிடித்தார். 1939இல் அது புத்தகமாக வந்தது.

வகுப்பில் வரலாறு என்று நாம் நடத்தியதெல்லாம் அரசர்கள், போர்கள், ஒப்பந்தங்கள். ஒரு நகரத்தில் சாதாரண மனிதர்கள் எந்தப் படியில் ஏறினார்கள், எந்தக் கடை முன் நின்றார்கள் என்பதைக் காட்ட அட்ஜே போன்ற ஒருவர் தேவைப்படுகிறார். நம் கைப்பேசிகளில் கல்யாணப் படங்கள் ஆயிரம் இருக்கும். தெருமுனை இஸ்திரி வண்டியின் படம் ஒன்றாவது இருக்கிறதா? அடுத்த மாதம் அந்த இடத்தில் வேறு கட்டடம் வந்துவிடலாம். இன்று ஒன்று எடுத்து வையுங்கள். தேதியும் தெருவின் பெயரும் மறக்காமல் குறித்து வையுங்கள்.