லாரிக்கு மூலபாடம் உண்டா?

இந்தியாவில் பழைய வாகனங்களைப் புதுப்பித்துப் பேணும் பொழுதுபோக்கின் பொது முகம் கார்தான். ஸ்டேட்ஸ்மேன் நாளிதழ் 1964இல் தில்லியில் தொடங்கிய பழங்கார் அணிவகுப்பு முதல் இன்று பல நகரங்களில் நடைபெறும் கண்காட்சிகள் வரை, மக்கள் கூடி நின்று பார்ப்பவை சமஸ்தான மன்னர்களின் ரோல்ஸ்ராய்ஸ்களும் செல்வர் வீட்டு மோரிஸ்களும் ஆகும். விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவின் அணைகளுக்குச் சிமெண்டும் நகரங்களுக்கு அரிசியும் சுமந்த லாரி அந்த வரிசையில் அரிதாகவே இடம்பெறுகிறது. ரசனையில் தொடங்கிய இந்த விடுபடல் இப்போது சட்டத்தின் சொற்களிலும் பதிந்துவிட்டது.

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் தொன்மை வாகனங்களுக்கெனத் தனி விதிகள் சேர்க்கப்பட்டன. முதற்பதிவு நடந்து 50 ஆண்டுகள் கடந்த வாகனத்திற்கு ‘விஏ’ என்னும் எழுத்துகள் கொண்ட தனிப் பதிவெண் கிடைக்கும். புதுப் பதிவுக்கான கட்டணம் 20,000 ரூபாய். இதற்கு முதன்மையான நிபந்தனைகள் இரண்டு. வாகனம் தனிப்பயன்பாட்டுக்குரிய இருசக்கர அல்லது நான்கு சக்கர ஊர்தியாக இருத்தல் வேண்டும். அதன் சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் நிகழ்ந்திருத்தல் கூடாது. வாடகைக்குச் சுமை ஏற்றவே பிறந்த, பின்னச்சில் இரட்டைச் சக்கரம் பூட்டிய லாரி, முதல் நிபந்தனையிலேயே வெளியேறிவிடுகிறது. இரண்டாம் நிபந்தனை அதைவிட ஆழமான வினாவை எழுப்புகிறது: இந்திய லாரியில் மாறாத மூலவடிவம் என ஒன்று எப்போதேனும் இருந்ததா?

இதற்கு விடை காண, லாரி இங்கு உருவான முறையை நோக்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928இல் பம்பாயில் தொடங்கிய ஆலை, கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டி வண்டியாக்கும் ஆலையே. இரண்டாம் உலகப் போரின்போது அசாமின் லேடோவிலிருந்து பர்மா வழியாகச் சீனத்தின் குன்மிங் வரை சுமார் 1,700 கிலோமீட்டர் நீளும் வழி உருவாக்கப்பட்டு, 1945இன் தொடக்கத்தில் அதில் லாரி அணிகள் செல்லத் தொடங்கின. போர் முடிந்தபின் உபரியாக விற்கப்பட்ட ராணுவ வண்டிகள் குடிமை வாழ்வுக்குள் வந்து, சரக்கு லாரிகளாகவும் பேருந்துகளாகவும் மறுபிறவி எடுத்தன. பாகங்களை உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத நிறுவனங்கள் விலக வேண்டும் என்னும் கொள்கை 1953இல் உறுதிப்பட்டதும் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் வெளியேறின. அவ்விடத்தைப் பம்பாய் பிரீமியர் ஆலையின் டாட்ஜ், ஃபார்கோ லாரிகளும், இந்துஸ்தான் மோட்டார்ஸின் பெட்ஃபோர்டும் நிரப்பின. டெல்கோ 1954இல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுடன் உடன்படிக்கை செய்துகொண்டு ஜம்ஷெட்பூரில் லாரி உற்பத்தியைத் தொடங்கியது. ஆஸ்டின் கார்களைப் பூட்டுவதற்காக 1948இல் தொடங்கப்பட்ட எண்ணூரின் அசோக் மோட்டார்ஸ், 1955இல் அசோக் லேலண்டாகப் பெயர் மாறி, காமெட் லாரியின் தாயகமாயிற்று.

பழைய லாரியைப் புதுப்பிக்க முனைபவர் முதலில் கற்க வேண்டியது இந்த நிறுவனங்களின் பெயரிடும் முறையை. டாட்டா 1210 என்னும் பெயரில் 12 என்பது வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடையை டன்னில் குறிக்கும். 10 என்பது குதிரைத்திறனைப் பத்தால் வகுத்த தோராய எண். எஞ்சினின் பெயரான 697இல் 6 என்பது சிலிண்டர்களின் எண்ணிக்கை, 97 என்பது மில்லிமீட்டரில் சிலிண்டரின் உள்விட்டம். ஜபல்பூரில் ராணுவத்திற்காக உருவான சக்திமான் லாரியின் பெயர் இன்னும் நுட்பமானது. வல்லமை உடையவன் எனப் பொருள்படும் அந்த வடசொல்லின் ஈற்றில், உரிமம் வழங்கிய ஜெர்மன் நிறுவனமான எம்.ஏ.என். தன் மூன்று எழுத்துகளோடு அமர்ந்திருக்கிறது. சின்னங்களும் காலம் காட்டும். டைம்லர்-பென்ஸ் உடன்படிக்கை 1969இல் முடிவுற்றதை அடுத்து, முகப்பில் இருந்த மூன்றுமுனை விண்மீனின் இடத்தில் டாட்டாவின் எழுத்துச் சின்னம் வந்தது. எழுத்தமைதி கொண்டு கல்வெட்டின் காலத்தைக் கணிப்பது போன்றதே இந்த வாசிப்பு.

ஆனால் சின்னமும் எண்ணும் முகப்பையும் சேஸிஸையும் மட்டுமே அடையாளம் காட்டும். அக்காலத்தில் ஆலையிலிருந்து புறப்பட்டது பெரும்பாலும் முழு வண்டி அன்று. சக்கரங்களும் எஞ்சினும் முகப்புத் தகடும் கொண்ட வெற்றுச் சேஸிஸ். ஓட்டுநர் அமரும் கேபினும் சுமை ஏற்றும் பாடியும் நாமக்கல், திருச்செங்கோடு, பஞ்சாபின் சிர்ஹிந்த் போன்ற ஊர்களின் பட்டறைகளில் மரத்தாலும் தகரத்தாலும் கட்டப்பட்டன. ஒரே ஆண்டில் ஒரே ஆலையிலிருந்து வெளிவந்த இரு சேஸிஸ்கள், ஒரு மொழியின் இரு வட்டார வழக்குகளைப் போல, வெவ்வேறு முகங்களுடன் சாலைக்கு வந்தன. கேரளத்தில் தமிழ்நாட்டு வண்டிகளுக்குப் ‘பாண்டி லாரி’ என்றே பெயர் விழுந்தது. எஃப்.சி. எடுக்கும் காலம் வரும்போதெல்லாம் தட்டி நிமிர்த்தி, பழுது நீக்கி, புதுவண்ணம் பூசுவது வழக்கம். ஆகவே ஒரு பழைய கேபினைச் சுரண்டினால், அடுக்கடுக்கான வண்ணங்களில் அதன் உடைமையாளர்களின் வரிசை தெரியக்கூடும்.

எஞ்சினும் நிலையானதன்று. பெட்ரோலில் ஓடிய டாட்ஜ், ஃபார்கோ வண்டிகள் பல, டீசலின் சிக்கனம் கருதி எஞ்சின் மாற்றப்பட்டன. சென்னை சிம்ப்சன் நிறுவனம் 1950களில் தயாரிக்கத் தொடங்கிய பெர்கின்ஸ் பி6 எஞ்சின் அத்தகைய மாற்றங்களுக்குப் பெயர் பெற்றது. அந்த மாற்றத்தை ‘மூலத்திலிருந்து பிறழ்தல்’ என்று விலக்கினால், இந்தியச் சாலைப் போக்குவரத்து டீசலுக்கு மாறிய வரலாற்றின் கண்கூடான சான்றையே விலக்கியதாகும்.

பதிப்பியல் அறிந்தோர்க்கு இச்சிக்கல் பழகியதே. ஆசிரியர் கைப்பட எழுதிய ஏடு கிடைக்காத நூலுக்குப் படிகள் மட்டுமே உண்டு. ஒவ்வொரு படியிலும் ஒரு கை, ஒரு வட்டாரம், ஒரு காலம் பதிந்திருக்கும். நல்ல பதிப்பாசிரியர் தாம் தேர்ந்த பாடத்தை மேலே வைத்து, வேறு பாடங்களை அடிக்குறிப்பில் காப்பார். லாரியைப் புதுப்பிப்பவர் முன்னும் இதே தேர்வு நிற்கிறது: ஆலைவாசலில் நின்ற நாளின் தோற்றமா, முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்ந்த நாளின் தோற்றமா? எதைத் தேர்ந்தாலும் தவறில்லை. அகற்றிய பாகத்தையும் சுரண்டிய வண்ணத்தையும் படமெடுத்துக் குறித்து வைக்காமல் அழிப்பதே தவறு.

இதற்குத் தேவைப்படும் அறிவு நூலகங்களில் இல்லை. ஒத்தியைவு அமைப்பு இல்லாத பழைய கியர்பெட்டியில், நியூட்ரலில் ஒருமுறை கிளட்சை விட்டு, எஞ்சினின் வேகத்தைச் சரிசெய்து, மீண்டும் மிதித்துப் பல் சேர்க்க வேண்டும். அதைக் காது கேட்டுக் கால் கற்க வேண்டும். 9.00-20 அளவு டயரை மாட்டும் பூட்டு வளையம் சரியாக அமராமல் காற்றடித்தால் வளையம் தெறித்து உயிரைப் பறிக்கும். பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால் டிரம்மில் படிந்த தூளைக் காற்றால் ஊதக் கூடாது. ஓடாமல் நிற்கும் வண்டியிலும் பிரேக் சிலிண்டரின் ரப்பர் இறுகும், டீசல் தொட்டியில் துரு படியும், இன்ஜெக்ஷன் பம்ப் சிக்கிக்கொள்ளும். ஆகவே பேணுதல் என்பது கூரையின்கீழ் நிறுத்துவதோடு முடிவதில்லை. இவ்வறிவைச் சுமப்பவர்கள், கிளீனராகச் சேர்ந்து ஓட்டுநராகவும் மெக்கானிக்காகவும் உயர்ந்தவர்கள்; வடக்கே ‘உஸ்தாத்’ என்று அழைக்கப்படுபவர்கள். அவர்களது தலைமுறை பட்டறையை விட்டு அகன்றுகொண்டிருக்கிறது.

பிரிட்டனில் பழைய வணிக வாகனங்களுக்கான சங்கம் 1958இலேயே தோன்றியது. லண்டனிலிருந்து பிரைட்டன் வரையிலான அதன் ஓட்டம் 1962இல் தொடங்கியது. அமெரிக்காவில் லாரி வரலாற்றுச் சங்கம் 1971இல் பிறந்தது. காமெட்டின் மூதாதை பிறந்த லேலண்ட் நகரில், பழைய ஆலை வளாகத்திலேயே 1983இல் வணிக வாகன அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஓய்வுபெற்ற தொழிலாளர்களும் ஓட்டுநர்களும் அங்கு இப்பொழுதுபோக்கின் முதுகெலும்பாக விளங்குகின்றனர். இந்தியாவில் லாரி அதன் உடைமையாளருக்குக் கடனும் தவணையுமாகவே வாழ்ந்தது. உழைப்பு ஓய்ந்ததும் அதன் இரும்பு விலை மட்டுமே எஞ்சியது.

இதற்கு எதிர்வாதம் வலுவானது. பழைய டீசல் எஞ்சினின் புகை நகரத்து மக்களின் நுரையீரலில் சேர்கிறது. பழைய வாகனங்களை அழிப்பதற்கான கொள்கை 2021இல் வந்தது. 2022 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த கனரக வாகனத்தின் தகுதிச் சான்றைப் புதுப்பிக்க 12,500 ரூபாய் என்றானது. அன்றாடம் சுமை இழுக்கும் வண்டிகளைப் பொறுத்தவரை இக்கொள்கையின் நோக்கம் நியாயமானது. ஆனால் ஆண்டில் சில நாட்கள் மட்டுமே சாலைக்கு வரக்கூடிய சில வண்டிகளைக் காப்பதற்கும் அந்நோக்கத்திற்கும் முரண் இல்லை. வணிக உரிமத்தை ஒப்படைத்துவிட்ட, சுமை ஏற்றாத, ஓடும் தூரத்திற்கு வரம்பிட்ட தொன்மைக் கனரக வாகனம் என ஒரு வகையைத் தொன்மை விதிகளில் சேர்க்கலாம். உடற்கூட்டில் மாற்றம் கூடாது என்பதற்கு மாற்றாக, நிகழ்ந்த மாற்றங்கள் ஆவணப்படுத்தப்பட வேண்டும் என்று அவ்வகைக்கு விதிக்கலாம்.

பல்கலைக்கழகங்கள் சட்டத் திருத்தத்திற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பாடி கட்டும் ஊர்களின் தச்சர்கள், கொல்லர்கள், வண்ணம் தீட்டுவோர், பம்ப் மெக்கானிக்குகள் ஆகியோரின் வாய்மொழி வரலாற்றையும் தொழிற்சொற்களையும் பதிவுசெய்ய ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் பட்டறையில் அமரும் பொறுமையும் போதும். வண்டி இரும்புக் கடைக்குப் போனாலும் அதன் சேஸிஸ் எண்ணைக் கொண்டு ஓரளவு வரலாற்றை மீட்கலாம். அதைக் கட்டியவரின் சொல் பதிவாகாமல் மறைந்தால், பின்னாளில் ஒருவர் ஒப்புநோக்கப் படி ஏதும் எஞ்சாது.