கோவிவன் யாரைக் கடிக்கவில்லை?

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு, அதாவது சுமார் கி.பி. 624. தன் எருமைகளைக் காக்கப் போய் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். கூடவே ஒரு நாயும் நிற்கிறது. பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் இருந்ததாக நாய்க்கென்றே தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு நாயின் கதை எங்க பக்கத்துச் சரித்திரத்தோடு சேர்ந்தது. சாலவாக்கத்துக்காரர்களுக்கு உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அது முதலாம் பராந்தகன் காலத்தது. அவன் மகன் ராஜாதித்தன் 949-இல் தக்கோலப் போரில் யானை மேலேயே இறந்தான். எதிர்த்தரப்பில் போரிட்ட மணலேரன் என்ற வீரனிடம் அரசன் “என்ன வேண்டும்?” என்று கேட்க, அவன் கேட்டு வாங்கியது காளி என்ற வேட்டை நாயை! பிறகு அது ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதி, இரண்டுமே செத்தன. கர்நாடகத்தில் ஆதகூரில் அதற்குக் கல் நட்டு, பூசைக்கு நிலமும் விட்டார்கள். கல் இப்போது பெங்களூரு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இரண்டு கல்லும் கடைசிச் சண்டையைத்தான் சொல்கின்றன. அதற்கு முந்தைய நாட்களை யோசித்துப் பாருங்க. கள்ளனைக் கடித்த கோவிவன், பால் கறக்க வந்தவரையும் கன்றுக்குட்டியையும் கடித்திருந்தால் அந்தப் பட்டியில் ஒரு மாசம் தாங்கியிருக்குமா? யாரை விட்டுவிட வேண்டும் என்று அதற்கு முன்னாடியே யாரோ பழக்கியிருக்க வேண்டும். இது கல்வெட்டில் இல்லை, என் ஊகம்.

இன்றைய நாய் ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. பிறந்த 3-ஆவது வாரத்திலிருந்து சுமார் 12, 14 வாரம் வரைதான் குட்டி உலகத்தோடு எளிதாகப் பழகும் காலம். நாமோ அந்த வயசில்தான் “ரோஷம் வரட்டும்” என்று சங்கிலியில் கட்டிப்போடுகிறோம். பிறகு பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கடித்ததும் தடியை எடுக்கிறோம். அடி, பயத்தைத்தான் கூட்டும். பயந்த நாய் கடிக்கிற வாய்ப்பு அதிகம்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. சைக்கிள், ஆடு மாடு, குடை பிடித்தவர், ஓடுகிற பிள்ளைகள் எல்லாவற்றையும் குட்டிக்குத் தள்ளி நின்று காட்டுங்க. சும்மா இருந்தால் உடனே ஒரு வாய் தீனி. மேலே தாவினால் திரும்பிக்கொள்ளுங்க, நாலு காலும் தரையில் இருக்கும்போது தடவிக்கொடுங்க. வெறிநாய்த் தடுப்பூசியை மட்டும் மறக்க வேண்டாம்.

இப்படி வளர்ந்த நாய்க்கு யாரும் கல் நடப்போவதில்லை. ஆனால் அந்தத் தெருவில் பிள்ளைகள் பயப்படாமல் நடந்து போவார்கள்.