இரண்டு வயதுக்குள் 250 படிகள்: ஆரம்பநிலைப் பயிற்சியின் கதை

"அவங்க அப்பாவே மூணு வயசு வரைக்கும் பேசலை. இவன் மட்டும் எப்படிச் சீக்கிரம் பேசுவான்?"

நம்ம ஊரில் இந்த வசனம் இல்லாத வீடு குறைவு. குழந்தைக்குத் தலை நிற்கவில்லை, குப்புற விழவில்லை, உட்காரவில்லை என்று அம்மா கவலைப்பட்டால் பெரியவர்கள் ஆறுதலாகச் சொல்வது இதைத்தான். பல சமயம் அது உண்மையாகவும் இருக்கும். பிரச்சினை என்னவென்றால், உண்மையாக இல்லாத சமயங்களில் இந்த ஆறுதலாலேயே ஒன்றிரண்டு வருஷம் போய்விடும். அந்த ஒன்றிரண்டு வருஷத்தைக் காப்பாற்றத்தான் உலகம் முழுக்க ஒரு தனித் துறையே உருவானது. அதில் தமிழ்நாட்டுக்கும் நல்ல பங்கு உண்டு. நம்மில் பலருக்கு இது தெரியாது.

முதலில் தாமதம் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் குழந்தைகளைக் கவனித்து 2006-ல் ஒரு அளவை வெளியிட்டது. ஆரோக்கியமான குழந்தைகளில் கிட்டத்தட்ட எல்லோரும் ஒன்பது மாதத்துக்குள் பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். பதினேழரை மாதத்துக்குள் தனியாக நடந்துவிடுகிறார்கள். முன்னே பின்னே இருப்பது சகஜம்தான், ஆனால் இந்த எல்லையைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். குறைமாதப் பிரசவம், பிறந்தவுடன் அழாமல் மூச்சுத் திணறியது, கடுமையான மஞ்சள் காமாலை, டவுன் சிண்ட்ரோம் என்று காரணம் பலவாக இருக்கலாம். காரணம் எதுவானாலும் மூளை வேகமாக வளர்வது முதல் இரண்டு மூன்று வருஷங்களில்தான்.

இதை முதலில் பளிச்சென்று காட்டியது அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நடந்த ஒரு விசித்திரமான சம்பவம். 1930களில் ஹெரால்ட் ஸ்கீல்ஸ் என்ற உளவியலாளர் ஒரு அனாதை இல்லத்தைப் பார்வையிட்டு வந்தார். அங்கே வளர்ச்சி மிகவும் பின்தங்கிய இரண்டு பெண் குழந்தைகளை, வேறு வழியில்லாமல், அறிவுத்திறன் குறைந்த பெரியவர்கள் தங்கும் விடுதிக்கு மாற்றினார்கள். சில மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் இரண்டும் ஓடி விளையாடிக்கொண்டிருந்தன! விடுதியில் இருந்த பெண்கள் அவற்றைத் தூக்கி வைத்துக் கொஞ்சி, பேசி, விளையாடியதுதான் நடந்த ஒரே சிகிச்சை. பிறகு மொத்தம் 13 குழந்தைகளை அப்படி மாற்றினார்கள். 12 குழந்தைகளின் நிலையை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். 1939-ல் முதல் முடிவு வந்தபோது பலரும் நம்பவில்லை. 1966-ல் ஸ்கீல்ஸ் அதே ஆட்களைத் தேடிப் பிடித்து எழுதினார்: அந்த 13 பேரும் சொந்தக் காலில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ஒப்பீட்டுக் குழுவில் சிலர் அப்போதும் விடுதிகளிலேயே கிடந்தார்கள். (ஆராய்ச்சி மகத்தானதுதான். ஆனால் அந்த 12 குழந்தைகளை நினைத்தால் மனசு கனக்கிறது.)

அதே காலத்தில், நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி லண்டன் வந்த பெர்த்தா போபத், கரேல் போபத் தம்பதி மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்கு ஒரு புதிய முறையைக் கொண்டுவந்தார்கள். இறுகிப்போன கை காலை வெறுமனே நீட்டி மடக்காமல், குழந்தையைத் தூக்கும் விதம், படுக்க வைக்கும் விதம், உட்கார வைக்கும் விதம் எல்லாவற்றையும் பயிற்சியாக மாற்றினார்கள். இன்று நம்ம ஊர் பிசியோதெரபி அறைகளில் காணப்படும் பெரிய ரப்பர் பந்து, உருளைத் தலையணை போன்றவை இந்த வழியில் வந்தவைதான்.

அடுத்து 1969. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் போர்டேஜ் என்ற சின்ன ஊர். சுற்றிலும் கிராமப்புறம், வீடுகள் எங்கோ ஒன்று எங்கோ ஒன்று. மையம் கட்டினால் குழந்தைகள் வந்து சேர முடியாது. அதனால் ஆசிரியர் வாரம் ஒரு முறை வீட்டுக்குப் போய் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். அம்மா தினமும் செய்ய வேண்டும், அடுத்த வாரம் ஆசிரியர் வந்து பார்ப்பார். உலகம் முழுக்கப் பரவிய 'போர்டேஜ் முறை' இப்படித்தான் பிறந்தது. பணமும் தூரமும் தடையாக இருந்ததால் பிறந்த முறை என்பதால்தான் அது ஏழை நாடுகளுக்கும் பொருந்திப்போனது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவின் கில்ட் ஆஃப் சர்வீஸ் 1953-லேயே பால விஹார் பள்ளியைத் தொடங்கியது. 1970களில் பி. ஜெயச்சந்திரனும் வி. விமலாவும் சேர்ந்து 'மெட்ராஸ் டெவலப்மெண்டல் புரோகிராமிங் சிஸ்டம்' என்ற மதிப்பீட்டு முறையை உருவாக்கினார்கள். 18 துறைகள், துறைக்கு 20 வீதம் 360 திறன்கள். 'இந்தக் குழந்தைக்கு ஐ.க்யூ. எவ்வளவு?' என்று கேட்காமல், 'இவனால் சட்டை பொத்தான் போட முடிகிறதா? முடியாவிட்டால் அதற்கு முந்தைய படி என்ன?' என்று கேட்கும் முறை இது. மதிப்பெண் போட்டு ஒதுக்குவதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். இன்றும் நாடு முழுக்கச் சிறப்புப் பள்ளிகளில் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் பள்ளி என்றால் பிள்ளைக்கு நான்கைந்து வயதாக வேண்டும். கைக்குழந்தைக்கு என்ன வழி? அதற்கான பதில்தான் 'உபநயன்'. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஐந்து துறைகள்: உடல் அசைவு, தன் வேலையைத் தானே செய்வது, மொழி, அறிவு, பிறரோடு பழகுவது. துறைக்கு 50 வீதம் 250 திறன்கள். ஒவ்வொரு திறனுக்கும் ஒரு அட்டை, துறைக்கு ஒரு நிறம். குழந்தை எந்தப் படியில் நிற்கிறதோ அந்த அட்டையை எடுத்து, அதில் சொன்ன விளையாட்டை அம்மா செய்ய வேண்டியதுதான். குப்புறப் படுக்க வைத்துத் தலைக்கு மேலே கிலுகிலுப்பையை ஆட்டினால் குழந்தை தலையைத் தூக்கப் பார்க்கும். பார்வைக்கு விளையாட்டு, உண்மையில் கழுத்துக்குப் பயிற்சி.

1989-ல் சென்னை தி.நகரில் தொடங்கிய மதுரம் நாராயணன் மையம் இந்த முறையைப் பரவலாக்கியது. ஓய்வு பெற்ற விமானப்படை அதிகாரி ஏர் வைஸ் மார்ஷல் வி. கிருஷ்ணசாமியும் ஜெயா கிருஷ்ணசாமியும் அதை வளர்த்தார்கள். ஆறு வயது வரைக்குமான குழந்தைகள், கட்டணம் கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை: அம்மாவோ அப்பாவோ பாட்டியோ, யாராவது ஒருவர் கூடவே இருந்து கற்றுக்கொள்ள வேண்டும். பிள்ளையை விட்டுவிட்டு சாயங்காலம் வந்து கூட்டிப்போகிற கதையெல்லாம் அங்கே நடக்காது. யோசித்துப் பார்த்தால் கட்டணத்தைவிட இதுதான் கடினமான நிபந்தனை. அதே சென்னையில் 1985-ல் பூனம் நடராஜன் தொடங்கிய இன்றைய வித்யாசாகர் மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்காக உழைத்தது. அது தனியாகவே எழுத வேண்டிய கதை.

பக்கத்து மாநிலத்துக்கும் கொஞ்சம் பெருமை கொடுக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் டாக்டர் எம்.கே.சி. நாயர் குழுவினர் 1991-ல் 17 அம்சங்கள் மட்டும் உள்ள ஒரு சோதனைத் தாளை வெளியிட்டார்கள். குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடதுபக்கம் முழுதாக முடிந்திருக்கும் திறன்களில் ஒன்று வராவிட்டாலும் மேல் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். அங்கன்வாடிப் பணியாளர் சில நிமிடங்களில் செய்துவிடலாம்.

அரசாங்கம் பெரிய அளவில் இறங்கியது ரொம்பத் தாமதமாக, 2013-ல். ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்ற திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு முறை போய்க் குழந்தைகளைப் பார்க்க வேண்டும், தாமதம் தெரிந்தால் மாவட்ட ஆரம்ப இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்று ஏற்பாடு. காகிதத்தில் அருமையான திட்டம்.

ஆனால் மேப்பை எடுத்துப் பாருங்கள். கொடைக்கானல் பக்கம் வில்பட்டி மாதிரி ஒரு மலைக் கிராமம். மாவட்டத் தலைநகர் திண்டுக்கல், வத்தலகுண்டு வழியாக இறங்கினால் கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். மலைப்பாதை பஸ்ஸில் கைக்குழந்தையோடு போய் வந்தால் ஒரு நாள் முழுக்கக் காலி. தோட்ட வேலைக்குப் போகும் அம்மாவுக்கு அன்றைய கூலி போச்சு, துணைக்கு வருபவருக்கும் போச்சு. பொருளாதாரப் பாடத்தில் இதற்கு 'வாய்ப்புச் செலவு' என்று பெயர். சிகிச்சை இலவசம் என்று போர்டு மாட்டினாலும் இந்தச் செலவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. இந்தப் பயிற்சியோ ஒரு நாளில் முடிகிற சமாச்சாரம் இல்லை, மாதக்கணக்கில், சில குழந்தைகளுக்கு வருஷக்கணக்கில் தொடர வேண்டும். நாலு தடவை போய்விட்டு நிறுத்திவிடும் குடும்பத்தைக் குறை சொல்வது அநியாயம்.

இதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு விடை உண்டு, தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில். எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் கல்லூரி மாணவராக இருந்தபோது, 1975-ல், கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்தில் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. சொந்த ஊர் திரும்பிய அவர், 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சை அளித்த விமானப்படை டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். பிறகு 1992-ல் எஸ். சங்கரராமன் சேர்ந்தார். அவர் தசைச்சிதைவு நோயோடு வாழ்பவர், படித்தது சார்ட்டர்ட் அக்கவுண்டன்சி! (காமர்ஸ் படித்தால் பேங்க் வேலைதான் என்று சொல்பவர்கள் கவனிக்கவும்.) ராமகிருஷ்ணனுக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

சங்கத்தின் ஆரம்பநிலைப் பயிற்சித் திட்டம் போர்டேஜ் போலவே வீடு தேடிப் போகிறது. சிகிச்சையாளர்கள் எண்ணிக்கை எப்போதும் குறைவுதான். அதனால் கிராமங்களிலிருந்தே ஆட்களை எடுத்துப் பயிற்சி கொடுத்து, மறுவாழ்வுப் பணியாளர்களாக வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். 'எனேபிளிங் இன்க்ளூஷன்' என்ற செயலியில் குழந்தையின் முன்னேற்றத்தைப் பதிவு செய்கிறார்கள். நிபுணர்கள் அதைப் பார்த்து அடுத்த பயிற்சியைச் சொல்கிறார்கள். விலை உயர்ந்த சாமான் எதுவும் வேண்டாம், சுருட்டிய பாயும் தலையணையும் பாதி வேலையைச் செய்துவிடும். பணியாளர் கிளம்பிப் போன பிறகு, அவர் மறுபடி வரும் வரைக்கும், சோறு ஊட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் அந்தப் பயிற்சியைச் செய்வது வீட்டில் இருக்கும் அம்மாவோ பாட்டியோதான்.