கணக்கில் வராத கதவு: செட்டிநாட்டு வீடுகளும் ஆற்றல் திறன் விதியும்

செட்டிநாட்டு வீடுகளுக்கு ஆற்றல் திறன் சான்று வழங்குவது பற்றி இதுவரை எழுதியவர்கள் பெரும்பாலும் இரண்டு அணியாக நிற்கிறார்கள். இவ்வீடுகள் இயல்பிலேயே குளிர்ந்தவை, அவற்றுக்குச் சான்று எதற்கு என்கிறது ஓர் அணி. இன்றைய சூத்திரங்களில் இவை எப்படியும் தோற்றுவிடும், எனவே பாரம்பரியக் கட்டடங்களை விதியிலிருந்தே விலக்கிவிட வேண்டும் என்கிறது மற்றது. எதிரெதிராகத் தோன்றினாலும் இரண்டு அணியும் கேட்பது விலக்கைத்தான். வீட்டைச் சூத்திரத்தில் வைத்து எண்ணைப் போட்டுப் பார்க்கும் வேலையை இரண்டுமே செய்யவில்லை.

இளையாத்தங்குடி, கீழச்சிவல்பட்டி வட்டாரத்து வீடுகளின் அமைப்பை வைத்து அந்த எண்களைப் போட்டுப் பார்த்தபோது கிடைத்த முடிவு இரு தரப்புக்கும் உவப்பானதாக இல்லை. சுவர்களுக்கான கணக்கில் இவ்வீடுகள் எளிதாகத் தேறுகின்றன. தோற்பது காற்றோட்டக் கணக்கில். காற்றை நம்பியும் வெயிலை அஞ்சியும் கட்டப்பட்ட வீடு காற்றோட்டத்தில் தோற்கிறது என்றால் கோளாறு வீட்டிலா, கணக்கிலா என்று கேட்கத்தான் வேண்டும். தேடிப் பார்த்தால், எல்லாம் கதவைப் பற்றிய ஒரே ஒரு விதிவரியில் வந்து நிற்கிறது. இக்கட்டுரை அந்த வரியைப் பற்றியது.

சுவர்க் கணக்கை விரைவாகச் சொல்லிவிடலாம். 2018 டிசம்பரில் வெளியான, குடியிருப்புகளுக்கான ஆற்றல் திறன் விதியான எகோ நிவாஸ் சம்ஹிதா, குளிர்ப் பகுதி நீங்கலாக மற்றப் பகுதிகளில், கூரை தவிர்த்த வெளிச்சுவர்கள் வழியாக வீட்டுக்குள் வரும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக்கூடாது என்கிறது. செட்டிநாடு அடங்கும் வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிக்குச் சுவரின் கெழு 5.15, மேற்குத் திசைக்கான பெருக்கம் 1.156. 45 சென்டிமீட்டர் செங்கல் சுவரை எடுத்துக்கொள்வோம். கடத்துதிறன் 0.8 என்று வைத்தால், சுண்ணாம்புப் பூச்சையும் சேர்த்து அதன் யூ மதிப்பு (சுவர் வெப்பத்தைக் கடத்தும் அளவு) சுமார் 1.3. மேற்குச் சுவரில்கூட 8 வாட்டுக்குக் குறைவாகவே வருகிறது. சிறிய மரச் சன்னல்களுக்குத் தாராளமாக 2 வாட் சேர்த்தாலும் 10ஐத் தொடவில்லை. வடக்குச் சுவரில் இன்னும் குறைவு. சூத்திரம் வீட்டைத் தோற்கடிக்கும் என்ற வாதம் இந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது.

ஆனால் இந்தத் தேர்ச்சியில் மகிழ எனக்கு மனமில்லை. 20 சென்டிமீட்டர் கனமுள்ள இலேசான காற்றடைப்புக் கல் சுவருக்கு யூ மதிப்பு சுமார் 0.76. அதனால் அது இன்னும் அதிக மதிப்பெண் வாங்கிவிடுகிறது. கனத்த சுவர் பகல் வெப்பத்தைப் பத்து மணி நேரத்துக்கும் மேலாகத் தன்னுள் நிறுத்திவைத்து, இரவில் மெல்ல விடும். சூத்திரத்தின் சுவர்ப் பகுதி யூ மதிப்பை மட்டுமே கேட்கிறது. சுவரின் கனத்தையும் தாமதத்தையும் கேட்பதில்லை. வீடு தேறுகிறது, ஆனால் தன் சொந்தக் குணத்தால் தேறவில்லை.

இனி கதவுக்கு வருகிறேன்.

சம்ஹிதாவின் இன்னொரு நிபந்தனை, திறக்கக்கூடிய பரப்புக்கும் தரைப்பரப்புக்கும் உள்ள விகிதம். வெப்ப ஈரப் பகுதியில் இது குறைந்தது 16.66 விழுக்காடு இருக்க வேண்டும். எவையெவை திறக்கக்கூடிய பரப்பு என்பதையும் விதி வரையறுக்கிறது. வெளிக்காற்றுக்கோ, பால்கனிக்கோ, வராந்தாவுக்கோ, நடைவழிக்கோ, காற்றுக்குழிக்கோ திறக்கும் சன்னல்களும் வென்டிலேட்டர்களும் சேரும். கதவுகளில், திறந்த பால்கனிக்கு நேராகத் திறப்பவை சேரும். நடைவழிக்குத் திறக்கும் கதவுகளும் கீழ்த்தளத்து வெளிக்கதவுகளும் சேரா; பின்னதற்கு எடுத்துக்காட்டாக நுழைவாயில் கதவும் கொல்லைக் கதவும் சொல்லப்படுகின்றன. தரைப்பரப்புக்கான வரையறையும் முக்கியமானது. அதில் வெளிச்சுவர், பால்கனி, வராந்தா, திறந்த மொட்டைமாடி ஆகியவை அடங்கா.

இந்த வரையறையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வளவுக்குள் நுழைந்து பாருங்கள். நடுவில் வானம் பார்த்த முற்றம். அதைச் சுற்றித் தூண்கள் தாங்கும் தாழ்வாரம். தாழ்வாரத்தை ஒட்டி, மகன்களுக்குத் திருமணமானதும் ஒதுக்கப்படும் அறைகள். ஒவ்வோர் அறைக்கும் தேக்கு நிலையில் இரட்டைக் கதவு. அதைத் திறந்தால் தாழ்வாரம், தாழ்வாரத்தைக் கடந்தால் முற்றம், முற்றத்துக்கு மேலே வானம். அறையின் சன்னல் சிறியது, மர இறக்கை போட்டது. அந்த அறைக்குக் காற்று வருவது கதவு வழியாகத்தான். வளவிலிருந்து இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று கதவுகள் ஒரே நேர்கோட்டில் நிற்பதால், முகப்பில் நின்றால் கொல்லை வெளிச்சம் தெரியும். கொத்தனாரும் தச்சரும் கதவைக் காற்றின் பாதையாகவே நினைத்து நிறுத்தியிருக்கிறார்கள் என்பதற்கு இந்த நேர்கோடே சாட்சி.

அப்படியானால் இந்தத் தாழ்வாரத்துக்கு விதியில் என்ன பெயர்? நடைவழியா, வராந்தாவா, பால்கனியா? மூன்றுக்கும் மூன்று விடை வருகிறது.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். வளவைச் சுற்றி நான்கு அறைகள், ஒவ்வொன்றும் 12 சதுர மீட்டர். ஓர் அறைக்கு 0.6 சதுர மீட்டர் அளவில் இரண்டு சன்னல், 0.9க்கு 1.9 மீட்டர் அளவில் ஒரு கதவு, அதாவது 1.71 சதுர மீட்டர். தாழ்வாரம் 60 சதுர மீட்டர். உண்மையான வீடுகள் இதைவிடப் பல மடங்கு பெரியவை. விகிதத்தைக் காட்ட இது போதும்.

தாழ்வாரத்தை நடைவழி என்று படித்தால் கதவுகள் விலகிவிடும். தாழ்வாரத்தின் பரப்பும் தரைக்கணக்கில் சேர்ந்துவிடும். 108 சதுர மீட்டருக்கு 4.8 சதுர மீட்டர், அதாவது 4.4 விழுக்காடு, படுதோல்வி. வராந்தா என்று படித்தால் தாழ்வாரம் தரைக்கணக்கிலிருந்து விலகும், சன்னல்கள் சேரும், கதவைப் பற்றி விதி வாய் திறக்காது. விகிதம் 10 விழுக்காடு, அப்போதும் தோல்விதான். பால்கனிக்கு ஒப்பானது என்று படித்தால் கதவுகளும் சேர்ந்து 11.64 சதுர மீட்டராகி, விகிதம் 24 விழுக்காட்டைத் தாண்டுகிறது. சுவர் மாறவில்லை, கதவு மாறவில்லை, காற்று மாறவில்லை. ஒரு சொல் மாறியதும் அதே வீடு 4 விழுக்காட்டிலிருந்து 24க்குப் போகிறது. இவ்வளவு கனத்தை ஒரு சொல்லின் தலையில் ஏற்றும் விதியை அதன் நோக்கம் அறிந்துதான் படிக்க வேண்டும்.

மூன்றாவது வாசிப்பே சரியானது என்பது என் கருத்து. விதி பால்கனிக் கதவைச் சேர்த்துக்கொண்டு நடைவழிக் கதவை விலக்குவது ஏன்? அடுக்குமாடிக் குடியிருப்பின் நடைவழி பலருக்கும் பொதுவானது. அங்கே கதவைத் திறந்துவைக்க அந்தரங்கமும் இடம் தராது, பாதுகாப்பும் இடம் தராது. பால்கனி அந்த வீட்டாருக்கு மட்டுமே உரியது, வீட்டின் வழியாகவன்றி அதை அடைய முடியாது, வெளிக்காற்றுக்குத் திறந்திருப்பது. வளவுத் தாழ்வாரத்தில் இந்த மூன்று தன்மைகளும் அப்படியே உள்ளன. பாதுகாப்பில் அது பால்கனியைவிட ஒரு படி மேலானது என்றுகூடச் சொல்வேன். வீட்டின் சுற்றுச்சுவரும் முகப்புக் கதவும் பூட்டியிருக்க, பல வீடுகளில் முற்றத்தின் மேல் இரும்புக் கிராதியும் இருக்க, அறைக்கதவை விடிய விடியத் திறந்துபோட்டுத் தூங்கலாம். விலக்குக்கான காரணம் இல்லாத இடத்தில் விலக்கையும் பொருத்தக்கூடாது.

கீழ்த்தள வெளிக்கதவுகளுக்கான விலக்கு இதைத் தடுக்காதா என்று கேட்கலாம். தடுக்காது. விதி காட்டும் எடுத்துக்காட்டுகள் நுழைவாயிலும் கொல்லைக் கதவும். எடுத்துக்காட்டு, விதி எந்த இனத்தைக் கருதுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறது: வீட்டுக்கும் ஊருக்கும் நடுவே நிற்கும் கதவு. வளவு அறையின் கதவு வீட்டுக்குள் நிற்பது. முகப்புக் கதவையும் கணக்கில் சேருங்கள் என்று நான் கேட்கவில்லை. மாலையில் வெயில் இறங்கியதும் அதைத் திறந்துவைப்பது இந்த ஊர்களின் வழக்கம்தான். ஆனாலும் விதியின் சொல் அந்த இடத்தில் தெளிவாக இருப்பதால் விட்டுக்கொடுக்கிறேன், மனம் முழுக்க ஒப்பாமலே.

கதவைச் சேர்ப்பதால் இன்னொன்றும் நேராகிறது. கனத்த சுவர் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் விடும் என்றேன். விட்ட வெப்பம் வெளியேற வழி வேண்டும். இல்லையென்றால் அறை விடியும்வரை புழுங்கும். அந்த வழி அறைக்கதவு. சித்திரை மாதத்தில் இந்த வட்டாரத்து வீடொன்றில் ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து பார்த்தேன். வீட்டு ஆச்சி காலை ஒன்பதரை மணிக்கெல்லாம் முகப்புக் கதவைச் சாத்தி, மேற்குப் பக்கத்துச் சன்னல் இறக்கைகளையும் மூடிவிட்டார். மதியம் முழுவதும் அவருடைய பாய் வளவின் கிழக்குத் தாழ்வாரத்திலிருந்து இரண்டாம் கட்டுக்கு நகர்ந்தது. ஐந்தரைக்கு முற்றத்துத் தளத்தில் இரண்டு வாளித் தண்ணீர் தெளித்தார். பிறகு கதவுகளை உள்ளிருந்து வெளியாக ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனார். கடைசிக் கதவு திறந்தபோது தாழ்வாரத்துத் தூணில் தொங்கிய நாள்காட்டித் தாள் படபடத்தது. அதைவிட நல்ல காற்றோட்ட விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை. சுவரும் கதவும் சேர்ந்துதான் அங்கே குளிர்ச்சி உண்டாகிறது. சுவரைத் தனியாகவும் சன்னலைத் தனியாகவும் அளந்து, கதவை விட்டுவிடும் கணக்குக்கு இது பிடிபடாது.

இதனால்தான் “இயல்பிலேயே குளிர்ந்த வீடு” என்ற முதல் அணியின் வாதத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை. முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து மெழுகிய பூச்சு வழவழப்பானது, அழகானது. ஆனால் வீட்டைக் குளிர்விப்பது அந்தப் பூச்சு என்று சொல்லிக்கொண்டே இருப்பது, நேரம் பார்த்துக் கதவைத் திறந்து மூடுகிற கையை மறைத்துவிடுகிறது. ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீட்டின் அறைக்குள் சித்திரையில் நுழைந்தவர்களுக்கு அந்தப் புழுக்கம் தெரியும். இன்னொரு பக்கம், ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு எத்தனை யூனிட் என்ற அளவைப் பழைய மின்கட்டணத்தை வைத்துப் போட்டால், இரண்டு முதியவர்கள் மட்டும் வாழும் பெரிய வீடும் பூட்டிய வீடும் முதலிடத்துக்கு வந்துவிடும். வகுக்கும் எண் பெரியது, அவ்வளவுதான். வெறுமைக்குக் கிடைக்கும் அந்த முதலிடத்தைத் திறன் என்று சொல்லக்கூடாது.

வட்டார வகைப்பாடு பற்றியும் ஒரு சொல். வெப்ப வறட்சிப் பகுதிக்கு விதி கேட்கும் விகிதம் 10 விழுக்காடுதான். வராந்தா என்ற வாசிப்பில் நம் மாதிரி வீடு அங்கே தேறிவிடும். கடற்கரைக்கான வகைக்குள் இந்த உள்நாட்டுச் செம்மண் பூமியையும் வரைபடம் அடக்கிவிடுகிறது. இதை வலியுறுத்தி வாதம் செய்யலாம். ஆனால் வரைபடத்தை மாற்றித் தேறுவதைவிடக் கதவை எண்ணித் தேறுவது நேர்மையானது என்பதால் நான் அதை நீட்டவில்லை.

இந்த விதி புதிய வீடுகளுக்குத்தானே, பழைய வீட்டைப் பற்றி ஏன் கவலை என்பாரும் உண்டு. 2022இன் எரிசக்திப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் குறிப்பிட்ட மின்சுமைக்கு மேற்பட்ட குடியிருப்புகளையும் விதியின் வரம்புக்குள் கொண்டுவந்துவிட்டது. மின்சுமை வரம்பைக் குறைத்துக்கொள்ளும் உரிமை மாநிலங்களுக்கு இருக்கிறது. கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் பழைய வீடுகள் விடுதிகளாகிக்கொண்டிருக்கின்றன. 2014இலிருந்து செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் உள்ளன. புதுப்பிக்கும்போது எந்த அளவுகோலைக் கையில் எடுப்போம் என்ற கேள்வி இப்போதே எழுந்துவிட்டது. விலக்குப் பெற்ற வீட்டுக்கு அளவுகோலே இல்லை; அளவுகோல் இல்லாத இடத்தில் கதவைச் சுவரெழுப்பி அடைத்துக் குளிர்சாதனப் பெட்டி வைப்பதைக் கேட்பார் இருக்க மாட்டார்.

விலக்கைவிட அளவிடுதல் மேல் என்பதற்குப் பிரிட்டன் ஒரு நல்ல பாடம். அங்கே பழைய முழுச்செங்கல் சுவர்களுக்குச் சான்றிதழ்க் கணக்கு 2.1 என்ற யூ மதிப்பை ஊகமாகவே எடுத்துக்கொண்டது. சுவர்களில் கருவி பொருத்தி நேரடியாக அளந்தபோது உண்மை மதிப்பு அதைவிடக் குறைவு என்று தெரிந்தது; பிறகு ஊக மதிப்பு 1.7 ஆகத் திருத்தப்பட்டது. பழைய வீடுகளுக்காகப் பேசியவர்கள் அளந்து காட்டினார்கள், எண் மாறியது. இளையாத்தங்குடிக்கு இது அந்நியமான வழியும் அல்ல. காஞ்சிப் பெரியவர் முன்னிலையில் 1962இல் ஆகம சிற்ப சதஸ் கூடிய ஊர் இது. கட்டடக் கலையை நூலறிவும் கையறிவும் ஒன்றாக உட்கார்ந்து பேசிய ஊர்.

என் வாதம் நிற்காத ஓர் இடத்தையும் சொல்லிவிட வேண்டும். கூரைக்கு விதி வைக்கும் வரம்பு 1.2 யூ மதிப்பு. அடுக்கடுக்காக நாட்டு ஓடு வேய்ந்த சரிவுக் கூரை அந்த வரம்புக்குள் வருவது கடினம். மேல்மரத் தட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே உள்ள காற்றுவெளி உதவும். எவ்வளவு உதவும் என்பதை அளந்த பிறகுதான் சொல்ல முடியும். அங்கே ஓட்டைப் பிரித்து அடியில் காப்புப் பலகை வைக்க வேண்டும் என்று அளவீடு சொன்னால், அதை நான் எதிர்க்க மாட்டேன். ஓட்டைத் திரும்ப வேய்ந்துவிடலாம்.

கதவு அப்படித் திரும்பாது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில், இடித்த வீடுகளிலிருந்து வந்த தேக்குக் கதவுகள் நிலையோடு பெயர்க்கப்பட்டுச் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. நிலையின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சுண்ணாம்புக் காரை இன்னும் உதிராத கதவுகளும் அவற்றில் உண்டு. விலை பேசும்போது மரத்தின் வேலைப்பாட்டுக்குப் பணம் கிடைக்கிறது. அது நின்ற இடத்தில் உள்ளே விட்ட காற்றுக்கு விதியிலும் மதிப்பில்லை, கடையிலும் மதிப்பில்லை. வளவுத் தாழ்வாரத்துக்குத் திறக்கும் அறைக்கதவைத் திறக்கக்கூடிய பரப்பில் சேர்க்கலாம் என்று ஒரு விளக்கக் குறிப்பு வந்தால் போதும்; சம்ஹிதாவின் மற்ற எந்தச் சொல்லையும் திருத்த வேண்டியதில்லை.