முகநூலும் முழுநூலும்

“செல்பேசியிலேயே வந்துவிட்டது ஐயா! பொய்யாகவா இருக்கும்?” என்று கேட்டான் என் மாணவன் ஒருவன். திருச்செங்கோட்டின் அண்மைக்கால வரலாற்றையே அவனுக்கு விடையாகச் சொன்னேன்.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ புதினம் 2010-இல் வெளிவந்தது. குழந்தையில்லாத கணவனையும் மனைவியையும் ஊரார் சொல்லால் சுடும் கதை அது. நான்கு ஆண்டுகள் ஊர் அமைதியாகவே இருந்தது. 2014 டிசம்பரில் கொதித்தெழுந்தது. நூலைப் படித்தா? இல்லை! சில பக்கங்கள் மட்டும் படியெடுக்கப்பட்டு ஊரில் வழங்கப்பட்டன. முன்னும் பின்னும் அறுபட்ட அந்தத் தாள்களே பலருக்குச் செய்தியாயின. நூல் கொளுத்தப்பட்டது. 2015 சனவரியில் கடைகள் அடைக்கப்பட்டன. அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சில் எழுத்தாளர் பணிய நேர்ந்தது. எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே முகநூலில் அறிவித்தார். ஏடுகள் அதை அங்கிருந்தே எடுத்து வெளியிட்டன.

அந்த அறிவிப்பும் முகநூல் வழி வந்ததுதான், ஆயினும் உண்மை. சொன்னவர் யார் என்பது தெரியும். கேட்டறிய அவரும் இருந்தார். 2016 சூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் நூலைத் தடைசெய்ய மறுத்து, அவரை மீண்டும் எழுதப் பணித்தது.

2015 சூன் 23. தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், வேறு சாதிப் பெண்ணோடு பேசியதற்காக எங்கள் மலைக்கோயிலிலிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் கிடந்தது உடல். தற்கொலை என்றது ஒரு கடிதம். தலைமறைவாயிருந்த முதல் குற்றவாளியின் குரலோ வாட்சப் வழியே ஊரெல்லாம் உலவியது. குரலைக் கேட்டதும் தீர்ப்பெழுதியவர் எத்தனை பேர்! நீதிமன்றமோ கோயிலின் கண்காணிப்புக் கருவி பதித்த காட்சியை ஆராய்ந்தது. 2022 மார்ச்சில் பத்துப் பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. 2023 சூனில் உயர்நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது.

தோழர்களே! கருவியின்மேல் குற்றமில்லை. சொன்னவர் யார்? சொன்னது முழுமையா, துண்டா? சான்று எங்கே? இம்மூன்றையும் கேளாமல் அனுப்பும் விரலே குற்றமுடையது. நம் கொள்கைக்கு இனிக்கும் செய்தி என்பதற்காக நாமும் ஆராயாமல் அனுப்பினால், புராணத்தை ஆராயாமல் நம்புவோரை நகைக்க நமக்கு ஏது உரிமை?

முகநூலைப் பாருங்கள், தடையில்லை. ஆனால், தீர்ப்புச் சொல்லுமுன் முழுநூலைக் கேளுங்கள்!