வேறு கோட்டையில் இருந்தவள்

‘தி சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மூவி’யை நான் நான்கு முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை 2023 ஏப்ரலில், ஓ.எம்.ஆரில் ஒரு தியேட்டரில், அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு போகிற சாக்கில். மற்ற மூன்று முறைக்குச் சாக்கு எதுவும் இல்லை. நாற்பதை நெருங்குகிற ஒருத்தி காளான் ராஜ்ஜியத்து அனிமேஷன் படத்தை இப்படித் திரும்பத் திரும்பப் பார்ப்பது தோழிகளுக்கு வேடிக்கையாக இருக்கிறது. பெரிய கம்பெனி பொம்மை விற்பதற்காக எடுத்த படம் என்கிறார்கள். ஆமாம், உலகம் முழுக்க 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்த பொம்மைக் கடைதான். ஆனால் அதில் ஒரு காட்சி இருக்கிறது. மாரியோவுக்குச் சண்டை கற்றுக்கொடுக்க இளவரசி பீச் அவனை ஒரு பயிற்சித் தளத்துக்கு அழைத்துப் போகிறாள். அந்தரத்தில் மிதக்கும் கற்கள், கடிக்க வரும் செடிகள். அவள் அந்தக் கவுனோடே தாவித் தாவி அந்தப் பக்கம் போய் நிற்கிறாள். அவன் விழுகிறான். மறுபடி விழுகிறான். விழுந்துகொண்டே இருக்கிறான்.

அந்த இடத்தில் நான் சீட்டின் நுனிக்கு வந்துவிட்டேன். ஏன் என்று சொல்ல 1981க்குப் போக வேண்டும்.

நின்டெண்டோ அப்போது அமெரிக்காவில் கடை பரப்பப் பார்த்துக்கொண்டிருந்த ஜப்பானியக் கம்பெனி. ஷிகெரு மியாமோட்டோ என்ற இளம் வடிவமைப்பாளர் பொப்பாய் கார்ட்டூனை வைத்து ஒரு கேம் செய்ய நினைத்தார். உரிமை கிடைக்கவில்லை. பொப்பாய் இருந்த இடத்தில் ஒரு தச்சன், வில்லன் இருந்த இடத்தில் ஒரு குரங்கு, ஆலிவ் இருந்த இடத்தில் ஒரு பெண் என்று ஆட்களை மாற்றினார்கள். அதுதான் ‘டாங்கி காங்’. தச்சன் பிறகு மாரியோ ஆனான். அந்தப் பெண்ணுக்கு முதலில் பெயர்கூட இல்லை, வெறும் ‘லேடி’. பாலின் என்ற பெயர் பிறகுதான் வந்தது. கேம் முழுக்க அவள் செய்வது ஒன்றே ஒன்று: உச்சியில் நின்று கையை ஆட்டிக் கூப்பிடுவது.

1985 செப்டம்பரில் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ வந்தது. எட்டு உலகங்கள், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கோட்டை. உயிரைக் கொடுத்துக் கோட்டையைப் பிடித்தால் ஒரு காளான் தலையன் நின்றுகொண்டு, நன்றி, ஆனால் இளவரசி இங்கே இல்லை, வேறு கோட்டையில் இருக்கிறாள் என்பான். ஏழு முறை இதே பதில். எட்டாவதில் அவள் இருக்கிறாள், கேம் முடிந்துவிடுகிறது. அவள் வந்ததும் ஆட்டம் முடிகிறது என்பதைக் கவனியுங்கள். அவளுக்கென்று ஓர் ஆட்டமே கிடையாது.

படமாக எடுப்பதும் புதிதல்ல. 1986 ஜூலையிலேயே ஜப்பானில் மாரியோவை வைத்து ஓர் அனிமே படம் வந்துவிட்டது. வீடியோ கேமிலிருந்து உருவான முதல் திரைப்படம் என்று பொதுவாக அதைத்தான் சொல்கிறார்கள். அதில் பீச் மாரியோவின் டிவிக்குள்ளிருந்து அவன் அறைக்குள் குதிக்கிறாள். அவளைக் கட்டாயக் கல்யாணம் செய்ய வில்லன் துரத்துகிறான். கடைசியில் பார்த்தால் மாரியோவோடு சுற்றிய நாய்க்குட்டிதான் அவளுக்கு நிச்சயிக்கப்பட்ட இளவரசன்! வில்லனிடமிருந்து மீட்டு இன்னொரு மாப்பிள்ளையிடம் ஒப்படைக்கிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் எழுதிய திரைக்கதை மாதிரியே இருக்கும்.

2013 மார்ச்சில் அனிட்டா சர்க்கீசியன் என்ற விமர்சகர் வீடியோ கேம்களில் பெண்கள் பற்றிய தன் தொடரின் முதல் காணொளியை வெளியிட்டார். மாரியோ வரிசையின் முக்கியமான 14 கேம்களில் பீச் வருகிறாள், அவற்றில் 13இல் கடத்தப்படுகிறாள் என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். மிச்சமிருக்கும் ஒன்று 1988இல் அமெரிக்காவில் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2’. அதில் பீச்சை வைத்து ஆடலாம், அவள் காற்றில் மிதக்கவும் செய்வாள். ஆனால் அது மாரியோ கேமாகப் பிறந்ததே அல்ல. ‘டோக்கி டோக்கி பானிக்’ என்ற வேறொரு ஜப்பானியக் கேமின் நான்கு பாத்திரங்களுக்கு மாரியோ கூட்டத்தின் முகங்களை ஒட்டினார்கள். அங்கே லினா என்றொரு பெண் இருந்ததால் இங்கே பீச்சுக்கு இடம் கிடைத்தது.

2005இல் அவளுக்கென்றே ஒரு கேம் செய்தார்கள், ‘சூப்பர் பிரின்சஸ் பீச்’. அதில் அவளுடைய சக்திகள் என்ன தெரியுமா? சந்தோஷம், கோபம், சோகம், நிதானம். சோகம் வந்தால் அழுவாள், அந்தக் கண்ணீரில் செடி வளரும். மாரியோவுக்கு நெருப்பு உருண்டை, பீச்சுக்கு மூக்கு சிந்தல்.

இதையெல்லாம் எடுத்துச் சொன்ன சர்க்கீசியனுக்கு என்ன நடந்தது என்பதும் இந்த வரலாற்றில் சேர்த்திதான். தொடர் வெளிவருவதற்கு முன்பே, 2012இலேயே, அவர் முகத்தில் குத்துவதற்கென்று ஒரு கேமை எவனோ தயாரித்து இணையத்தில் போட்டான். 2014 அக்டோபரில் யூட்டா பல்கலைக்கழகம் ஒன்றில் அவர் பேசவிருந்த கூட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடக்கும் என்று மிரட்டல் வந்து கூட்டமே ரத்தானது. ஒரு பொம்மை இளவரசி எத்தனை தடவை கடத்தப்படுகிறாள் என்று எண்ணியதற்கு இவ்வளவு.

எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். தொண்ணூறுகளில் செங்கல்பட்டில் நின்டெண்டோ என்ற பெயர் யாருக்கும் தெரியாது. ‘டிவி கேம்’ என்றுதான் சொல்வோம். நகல் பெட்டி, மஞ்சள் கேசட், அதன்மேல் ‘9999 இன் 1’. உள்ளே பத்துப் பதினைந்து கேம்கள்தான் பெயர் மாற்றி மாற்றி வந்துகொண்டிருக்கும். ஓடாவிட்டால் கேசட்டின் வாயில் ஊத வேண்டும். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மணிக்கணக்குக்குக் காசு வாங்கி ஆடவிடுகிற கடை ஒன்று இருந்தது. அதன் வாசலைத் தாண்டி ஒரு பெண் பிள்ளை உள்ளே போய் நான் பார்த்ததில்லை. எனக்கு மாரியோ கிடைத்தது பெரியம்மா வீட்டில், கோடை லீவில். அந்தக் கேமில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆட முடியாது. முதல் ஆள் மாரியோ. அவன் செத்தால்தான் இரண்டாவது ஆளான லூய்கிக்கு ஆட்டம். அண்ணன்மார் லேசில் சாக மாட்டார்கள். கன்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டே நான் இரண்டு லீவைக் கழித்திருக்கிறேன். நடுவில், தண்ணி கொண்டா என்ற குரல் வரும்.

அதே வீட்டுத் திண்ணையில் ஆயா பல்லாங்குழி ஆடிக்கொண்டிருப்பாள். பதினாலு குழி, கை நிறையப் புளியங்கொட்டை. நாலு சேர்ந்தால் ‘பசு’ என்று அள்ளிக்கொள்வாள். ஆட்டத்தில் ஆயாவை ஜெயித்தவர் தெருவில் கிடையாது. ஆனால் அதற்கு ‘பொம்பளைங்க பொழுதுபோக்கு’ என்று பெயர். அண்ணன்மார் ஆடியதுதான் ‘கேம்’. அதற்கு மட்டும் யாரும் தண்ணி கேட்டு எழுப்பமாட்டார்கள்.

பீச் அந்தரத்தில் தாவியபோது நான் நுனிக்கு வந்ததற்குக் காரணம் புரிந்திருக்கும். மாரியோ விழுகிறான், அவள் காத்திருக்கவில்லை.

படத்தின் வில்லன் பவுசர் முதுகில் ஓடும் தலையில் கொம்புமாக ஒரு ராஜா. பீச்சைக் கல்யாணம் செய்துகொள்ள ஒரு நட்சத்திரத்தையே கொள்ளையடிக்கிறான், பியானோவில் உட்கார்ந்து உருகி உருகிப் பாடுகிறான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தமிழ் சினிமாவாக இருந்திருந்தால் அவன்தான் கதாநாயகன், அந்தப் பாட்டு சூப்பர் ஹிட். இங்கே அவள் மணமேடை வரைக்கும் வந்து, பூங்கொத்தில் ஒளித்துவைத்த பனிப்பூவால் அவனை உறையவைக்கிறாள்.

கொம்பு வைத்த ராஜா, கேட்காத கல்யாணம். இந்தக் கதை எங்கள் கடற்கரைக்குத் தெரிந்த கதை. தேவி பாகவதத்தில் மகிஷாசுரன் தேவியின் அழகைக் கேள்விப்பட்டுக் கல்யாணத் தூது மேல் தூது அனுப்புகிறான். மாமல்லபுரத்தில் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்துக் குகையில் இருக்கும் 7ஆம் நூற்றாண்டுச் சிற்பத்தில் தூது முடிந்து சண்டை நடக்கிறது. எட்டுக் கைகளோடு சிங்கத்தின்மேல் அவள், வில் வளைந்திருக்கிறது. எதிரே எருமைத் தலையும் மனித உடம்புமாக, கையில் கதையோடு அவன், ஆள் பெரியவன், ஆனால் பின்னால் சாய்கிறான். அவள் படையில் பூதகணங்களோடு வாளேந்திய பெண் ஒருத்தியும் இருக்கிறாள். பிற்காலச் சிற்பங்களில் வெட்டுண்ட எருமைத் தலைமேல் அவள் அமைதியாக நிற்பாள். இந்தச் சிற்பி ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறபோதே செதுக்கியிருக்கிறான். எதிர்ச் சுவரில் விஷ்ணு பாம்பணையில் படுத்திருக்கிறார். அவளை மீட்க யாரும் வரவேண்டியதில்லை என்பதால் அவர் நிம்மதியாகத் தூங்குகிறார் என்று அண்ணன் மகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். வைணவர்கள் மன்னிக்கட்டும்.

அம்மனைக் காட்டிப் பெண்ணை ஏமாற்றுவது நம் நாட்டின் பழைய வித்தை, அது எனக்கும் தெரியும். கல்லில் எட்டுக் கை வைத்த ஊரில்தான் பெண்ணுக்கு இரண்டாம் கன்ட்ரோலர். அந்தச் சிற்பத்தைச் செய்வித்த ராஜாக்களின் பட்டப் பெயர்களை ஊர்ப் பெயரிலிருந்து படிக்கலாம். பல்லவ ராணி ரங்கபதாகையின் பெயர் தெரிய வேண்டுமானால் காஞ்சி கைலாசநாதர் கோயிலுக்குப் போய், முன்னால் வரிசையாக நிற்கும் சின்னச் சன்னதிகளில் அவள் கட்டிய ஒன்றின் கல்வெட்டைத் தேட வேண்டும்.

2022 ஜூலை, ஆகஸ்டில் இதே மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. சின்னம் வேட்டி சட்டை கட்டிய குதிரை, பெயர் ‘தம்பி’. தங்கச்சி கிடையாது. ஆனால் அங்கே நடந்த பெரிய விஷயம் தங்கச்சிகளுடையது. கோனேரு ஹம்பி, ஹரிகா துரோணவல்லி, ஆர். வைஷாலி, தானியா சச்தேவ், பக்தி குல்கர்னி ஆடிய அணி வெண்கலம் வாங்கியது. ஒலிம்பியாட் பெண்கள் பிரிவில் இந்தியாவின் முதல் பதக்கம் அது. ஹரிகா நிறைமாதக் கர்ப்பத்தோடு போர்டின் முன் உட்கார்ந்திருந்தார். ராணி என்று நாம் சொல்லும் காய் நம் நாட்டில் மந்திரியாக, குறுக்கில் ஒரு கட்டம் மட்டும் நகரும் காயாக இருந்தது. ஐரோப்பாவுக்குப் போய் ராணியாகி, 15ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் பலகை முழுக்க ஓடும் பலம் பெற்றது. பீச்சுக்கு 38 வருஷம், செஸ் ராணிக்குச் சில நூற்றாண்டுகள்.

தோழிகளின் கடைசிக் குற்றச்சாட்டு: முடிவில் பவுசரை வீழ்த்துவது மாரியோவும் லூய்கியும்தானே? உண்மைதான். எனக்கும் அது எரிச்சல். படத்தில் பீச்சைத் தவிர எடையுள்ள பெண் பாத்திரம் இல்லாததும் எரிச்சல். ஆனால் கூண்டில் அடைபட்டு எரிமலைக் குழம்புக்கு மேல் தொங்குகிறவன் இந்தத் தடவை லூய்கி. அந்த ஒரு மாற்றத்தைச் செய்ய ஒரு கம்பெனிக்கு ஒரு தலைமுறை ஆகியிருக்கிறது. அதை ரசிக்காமல் விட எனக்கு மனமில்லை.

ஆட்டத்தில் பணயமாக வைக்கப்பட்ட பெண் என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வரவேண்டியவள் பீச் அல்ல. தொண்டை மண்டலத்தில் சித்திரை, வைகாசியில் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரியில் கூத்து. சூதாட்ட ராத்திரிக்குத்தான் கூட்டம் அதிகம். அவள் சபையில் நின்று ஒரு கேள்வி கேட்கிறாள்: தன்னைத் தோற்றுவிட்டவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன பாத்தியதை? ஆட்டக்காயாக வைக்கப்பட்டவள் ஆட்டத்தின் விதியைக் கேட்கிறாள். பீஷ்மர் மழுப்புகிறார். துச்சாதனன் வேடக்காரர்களில் சேலையைத் தொடுமுன் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்பவர்கள் உண்டு. பிறகு படுகளம். களிமண்ணில் துரியோதனனை நெடுஞ்சாண்கிடையாகப் படுக்கவைத்து, அவன் தொடை ரத்தத்தைத் தொட்டு அவள் விரித்த கூந்தலை முடிகிறாள்.

மாமல்லபுரத்து ஐந்து ரதங்களில் ஆகச் சின்னது, குடிசைக் கூரை போட்டது, திரௌபதி ரதம். பாண்டவர் பெயர்களெல்லாம் பிற்காலத்தில் ஒட்டியவை. உள்ளே எட்டிப் பார்த்தால் இருப்பவள் கொற்றவை.

எங்கள் பக்கக் கூத்தில் நான் பார்த்தவரை திரௌபதி வேடம் கட்டுகிறவர் ஆண்தான். கேள்வியை அவர் அடிவயிற்றிலிருந்து கேட்பார், முன்வரிசைப் பெண்கள் அழுவார்கள். விடிந்ததும் அவர் அரிதாரத்தைத் துடைத்துவிட்டு டீக்கடைக்கு நடக்கிறார். பெண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வாசல் தெளிக்கப் போகிறார்கள்.